பனிக்கடலில் இருநூற்றுப் பதினான்கு அடுப்புகள்

யார் எதைக் கேட்டாலும் பதறாமல் ஒத்துக்கொள்வேன். "அதுக்கென்ன, முடிச்சிரலாம்" என்பது என் வாயில் எப்போதும் தயாராக இருக்கும். பதற்றம் பிறகுதான் வரும். ரயிலில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் காலை நீட்டியபின் டிக்கெட் பரிசோதகர் வருவாரே, அந்த மாதிரி நிதானமாக, தப்பாமல் வரும். ஐம்பது வயதுக்குள் இந்தச் சுபாவம் மாறிவிடும் என்று நம்பியிருந்தேன். இப்போது ஐம்பத்திரண்டு.

தாராவிப் பொங்கலுக்கு அடுப்பு வரைபடம் போட்டுத் தருகிறேன் என்று நான் சொன்னதும் இப்படித்தான்.

எங்கள் ஆட்கள் அங்கே தைப்பொங்கலை வீட்டுக்குள் வைப்பதில்லை. பத்துக்குப் பத்து அறைக்குள் விறகடுப்பு மூட்டினால் பானைக்கு முன்னால் பரண் பற்றிக்கொள்ளும். அதனால் கோயிலுக்கு எதிரே போகும் பெரிய சாலையை அன்று காலை அடைத்துவிடுவார்கள். நடுவில் நடக்க வழி விட்டு, இரண்டு பக்கமும் வரிசையாகச் செங்கல் அடுப்புகள். லேபர் கேம்ப் குடியிருப்பிலிருந்தும் சுற்றுப்பக்கத்திலிருந்தும் பெண்கள் பானையும் கரும்புமாக வந்து உட்காருவார்கள். நினைத்த இடத்தில் உட்கார முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் சாலையில் ஓர் இடம் உண்டு. மாமியாருக்குப் பின் மருமகளுக்கு வரும் இடம். அதற்குப் பத்திரமோ பதிவோ கிடையாது. வருடா வருடம் அதே இடத்தில் தீ மூட்டித் தாரில் விழுந்த கறுப்பு வட்டம்தான் பத்திரம். அவரவர் வட்டம் அவரவருக்குத் தெரியும்.

போன மழைக்காலம் முடிந்ததும் அந்தச் சாலைக்குக் கான்கிரீட் போட்டார்கள். அருமையான சாலை. சலவை வேட்டியை விரித்த மாதிரி வெள்ளை. ஒரு வட்டம் மிச்சமில்லை.

மார்கழி பிறந்ததும் விழாக் கமிட்டிச் செயலாளர் எனக்குப் போன் செய்தார். அதே சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கும், எழுபதை நெருங்கும் அண்ணாச்சி.

"வே, நீரு செம்பூர்ல மேப் போடுத ஆபீஸ்லதான இருக்கீரு?"

"ஆமா அண்ணாச்சி. இருபது வருசமா."

"அப்பம் நம்ம அடுப்புக்கு ஒரு மேப் போட்டுத் தாரும். அதப் பாத்துத்தான் ரோட்டுல சுண்ணாம்புக் கோடு போடணும். இல்லன்னா பொங்கலன்னைக்கு அங்கன பெரிய லஃப்டா ஆயிரும், அடிதடிதான்."

"அதுக்கென்ன, முடிச்சிரலாம்."

மறுநாள் கடைக்குப் போனதும் ஒரு நீள நோட்டை எடுத்து வைத்தார். கமிட்டியின் மொத்த அறிவும் அதற்குள் இருந்தது. வரிசை எண், ரூம் நம்பர், ஆள். ஆள் என்ற இடத்தில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. 'இட்லிக்கார வீட்டு மூத்த மருமகள்', 'பேன்ட் தைக்கிறவர் சம்சாரம்', 'மூணாம் சந்து மூக்குத்தி' என்றே இருநூற்றுப் பதினான்கு வரிகள். அடுப்புக்கு அடுப்பு ஆறடி. கோயில் வாசலிலிருந்து எண்ணிக்கொண்டு போக வேண்டியது. இடது வரிசை நேராகப் போகும். வலது வரிசை மட்டும் நடுவில் கொஞ்ச தூரம் நின்று, மருந்துக் கடை தாண்டி மறுபடி தொடங்கும். ஏன் அங்கே நிற்கிறது என்று நான் கேட்கவில்லை. இருப்பதை உள்ளபடியே வரைவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

இந்த வேலைக்கு ஒரு பெரிய காகிதம், ஓர் அளவுகோல், ஒரு பென்சில் போதும். சத்தியமாகப் போதும். ஆனால் அண்ணாச்சி கொண்டுவரச் சொன்ன டீயில் இஞ்சி அதிகமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

"படமா குடுத்தா பத்தாது அண்ணாச்சி. டேட்டாபேஸ்ல போட்டுருவோம். எந்த அடுப்பு எந்த இடத்துல இருக்குன்னு அதுவே ஞாபகம் வச்சுக்கிடும். வரைபட மென்பொருள் ஒண்ணு இருக்கு, காசே கிடையாது, யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம். அத உங்க கடைக் கம்ப்யூட்டர்லயும் போட்டு விடுதேன். நீங்க இங்க ஒரு அடுப்ப நகத்துனா திலக் நகர்ல எங்க வீட்டுல நகரும்."

"நான் எதுக்குவே அடுப்ப நகத்துதேன்?"

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பும் முன்பே அக்காவின் போன் வந்துவிட்டது. லேபர் கேம்பில் சொந்த அக்கா ஒருத்தி இருந்தால் செய்தித்தாள் வாங்க வேண்டியதில்லை.

"ஏல, அடுப்பு மேப்ப உங்கிட்டயா குடுத்திருக்காரு?"

"ஆமாக்கா."

"எங்க இடம் லைட்டுக் கம்பத்துக்கு இடப்பக்கம் மூணாவது. மறந்துராத."

"அக்கா, டேட்டாபேஸ்ல போட்டாச்சுன்னா மறக்கவே மறக்காது."

"நான் அதச் சொல்லல. உன்னச் சொன்னேன்."

அக்கா கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த மூன்றாவது இடத்தில் அவள் மாமியார் நாற்பது வருடம் பொங்கல் வைத்தவர். போன வருடப் பொங்கலுக்கு இரண்டு மாதம் முன்னால் அவர் இறந்துபோனார். துக்க வீட்டில் பொங்கல் கிடையாது என்பதால் அந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் காலியாக விட்டிருந்தார்கள். ஒரு வருடம் அப்படி விடுவார்கள். இரண்டாவது வருடமும் அடுப்பு மூட்டவில்லை என்றால் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும், திரும்பி வராது. கமிட்டியின் சட்டம் அது. அதற்கு விலக்கே கிடையாது. அக்கா தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறவள். பொங்கலன்று லீவுக்குத் தீபாவளி முடிந்ததுமே சொல்லி வைத்துவிட்டாள்.

காத்திருப்போர் பட்டியல் தாராவியிலிருந்து தேவ்நார் வரைக்கும் நீளம். அதில் ஒன்பது வருடமாக என் மனைவியும் இருக்கிறாள். தாராவியில் பிறந்தவள். என் அம்மாவுக்குச் சாலையில் இடமே இருந்ததில்லை; அவள் அம்மாவின் இடம் முறைப்படி அவள் அண்ணன் மனைவிக்குப் போய்விட்டது. எனக்கு வாழ்க்கைப்பட்டதில் திலக் நகரில் லிஃப்ட் கிடைத்தது, அடுப்பு கிடைக்கவில்லை என்று அவ்வப்போது சொல்லிக்காட்டுவாள்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

அந்த வரைபட மென்பொருளை மிக்ஸி என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஒன்றுதான். சட்னிக்கு ஒரு ஜார், மாவுக்கு ஒரு ஜார் என்று மாட்டிக்கொள்வது போல வேலைக்குத் தகுந்தபடி ப்ளக்இன் மாட்டிக்கொள்ளலாம். உலகத்தில் எங்கோ யாரோ பொழுதுபோகாமல் எழுதி, இலவசமாக வைத்திருப்பார்கள். ஒரு கோட்டின் மேல் ஆறடிக்கு ஒரு புள்ளி வைக்க ஒரு ப்ளக்இன். எக்செல் பட்டியலை அப்படியே தரவுத்தளத்துக்குள் கொட்ட இன்னொன்று. ஆபீஸில் இதையெல்லாம் செய்வதற்குத் தனியாக ஆள் உண்டு. அவர் செய்வதை நான் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். தலையாட்டியும் இருக்கிறேன்.

இணையத்தில் ஒரு சின்ன சர்வரை மாத வாடகைக்குப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை காலை அதில் தரவுத்தளத்தை நிறுவினேன். வீட்டிலிருந்து இணைப்புப் பொத்தானை அழுத்தினேன். 'இணைப்பு மறுக்கப்பட்டது.' கடவுச்சொல்லை மாற்றி அழுத்தினேன். மறுக்கப்பட்டது. சட்டையைப் போட்டுக்கொண்டு அழுத்தினேன். பனியனோடு கேட்பதால்தான் மரியாதை இல்லையோ என்ற சந்தேகம். அப்போதும் மறுக்கப்பட்டது.

படித்துப் பார்த்ததில் விஷயம் எளிமையாக இருந்தது. அந்தத் தரவுத்தளம் பிறக்கும்போதே தன் வீட்டுக்குள்ளிருந்து வரும் பேச்சை மட்டும்தான் கேட்கும். வெளியாள் பேச்சையும் கேள் என்று ஒரு கோப்பில் எழுத வேண்டும். எந்த வெளியாள் என்று இன்னொரு கோப்பில் எழுத வேண்டும். முதலாவது, கதவைத் திறப்பது. இரண்டாவது, வாட்ச்மேன் நோட்டில் பெயர் எழுதுவது. இரண்டையும் எழுதினேன். மறுக்கப்பட்டது.

"என்னங்க, யாருகிட்ட இப்பிடி கெஞ்சிக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. நான் வாய்விட்டே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"கதவத் திறந்தாச்சு, நோட்டுல எழுதியாச்சு, உள்ள விட மாட்டேங்குது."

"எழுதுனத வாட்ச்மேன் படிச்சானா?"

படிக்கவில்லை. மாற்றி எழுதிய பிறகு தரவுத்தளத்தை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும். அப்போதுதான் அது நோட்டைப் புரட்டும். நிறுத்தித் தொடங்கினேன். இணைந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து, கூடத்தில் ஒரு சுற்று நடந்து, மறுபடி உட்கார்ந்தேன். இருபது வருடத் தொழில் அனுபவம் சாதிக்காததைப் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தவள் சாதித்தாள் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த நாள் கடைக் கம்ப்யூட்டரிலும் மென்பொருளைப் போட்டு இணைத்தேன். கோயில் வாசலின் அட்சரேகை தீர்க்கரேகையை என் போனிலிருந்து பார்த்துப் பெருமிதத்தோடு தட்டச்சு செய்து, சாலைக்குக் கோடு இழுத்து, அடுப்புப் புள்ளிகளை வைத்தேன். இருநூற்றுப் பதினான்கு புள்ளிகளும் வந்தன. சுற்றிலும் ஒரே நீலம்.

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "என்னவே, கடலா இருக்கு. மாஹிம் பக்கம் போயிட்டோ?"

கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன். மாஹிம் இல்லை. நார்வேக்கும் வடக்கே, பனிக்கடல். எண் இரண்டையும் இடம் மாற்றி அடித்துவிட்டிருந்தேன். வெள்ளைக் கரடிகள் சுற்றி நிற்க, எங்கள் பெண்கள் இருநூற்றுப் பதினான்கு பேரும் மிதக்கும் பனிக்கட்டிமேல் செங்கல் அடுக்கி ஊதிக்கொண்டிருக்கும் காட்சி ஒரு கணம் எனக்குத் தெரிந்தது. காது இரண்டும் சூடாகிவிட்டன.

"இது சும்மா டெஸ்டிங் அண்ணாச்சி."

"நல்ல இடமாத்தான் இருக்கு. புகை பக்கத்து ரூமுக்குப் போகாது."

எண்களைத் திருப்பிப் போட்டதும் எல்லோரும் ஒரே நொடியில் தாராவிக்கு வந்து சேர்ந்தார்கள். எனக்கு அந்த நொடியில் வந்த தைரியம்தான் அடுத்த தப்புக்குக் காரணம்.

எக்செல்லில் அடித்து வைத்திருந்த நோட்டுப் பட்டியலைத் தரவுத்தளத்துக்குள் கொட்டினால், ஆள் இருக்கும் புள்ளி பச்சையாகும், ஆள் இல்லாத புள்ளி வெள்ளையாக நிற்கும். கொட்டும் ப்ளக்இன் ஒரு கேள்வி கேட்டது: ஒரு வரியை இன்னொரு வரியிலிருந்து எதைக் கொண்டு அடையாளம் காணட்டும்? பெயர்கள் கிடையாது. ரூம் நம்பர் இருந்தது. ரூம் நம்பர் என்று சொன்னேன். அதே அடையாளம் மறுபடி வந்தால் என்ன செய்யட்டும் என்று கேட்டது. பழையதை அழித்துப் புதியதை எழுது என்று சொன்னேன். தப்பாக அடித்ததைத் திருத்தி மறுபடி கொட்ட வசதியாக இருக்குமே என்று நினைத்தேன். மிக மரியாதையான ப்ளக்இன். நான் சொன்னதைச் சொன்னபடி செய்தது.

சாலை பச்சையாயிற்று. நடுநடுவே இருபத்தேழு வெள்ளைப் புள்ளிகள்.

வீடு மாறிப் போனவர்களாக இருக்கும் என்று நான் நினைத்தேன். அண்ணாச்சியும் அதையே நினைத்தார். தூரத்துப் புறநகர்களான விராருக்கும் கல்யாணுக்கும் போய்விட்ட குடும்பங்களை விரல்விட்டு எண்ணி, "சரிதான், இருபத்தேழு வரும்" என்றார். புதிய விளையாட்டுப் பொருள் கிடைத்த சந்தோஷத்தில், நான் கிளம்பிய பிறகு, காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஒவ்வொருவராக எடுத்து வெள்ளைப் புள்ளிகளில் தன் கையாலேயே உட்காரவைத்தார். திலக் நகரில் என் திரையில் வெள்ளைகள் ஒவ்வொன்றாகப் பச்சையாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை அழகான இணைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடிவில் இருநூற்றுப் பதினான்கு இடம், இருநூற்றுப் பதினான்கு பேர். எண்ணிக்கை அச்சாகப் பொருந்திவிட்டது. பொருந்தினால் சரி என்று நினைப்பது என் தொழிலில் பிள்ளைப்பருவ வியாதி. எனக்கு அது இன்னும் குணமாகவில்லை.

அண்ணாச்சி பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஐந்து நிமிடத்தில் மனைவி போனை நீட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஐம்பத்தெட்டு. அண்ணாச்சி எனக்குச் செய்த மரியாதை. அவள் அன்று சாயங்காலமே மாட்டுங்காவுக்குப் போய் ஒரு புதுப் பித்தளைப் பானை வாங்கி வந்து, சாப்பாட்டு மேசை நடுவில் வைத்தாள். இரண்டு நாள் நாங்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு, ஞாயிறு காலை, அக்கா வீட்டுக்கு வந்தாள். அவள் போன் செய்யாமல் வந்தால் விசேஷம். சத்தம் போடாமல் வந்தால் அபாயம். சத்தம் போடாமல்தான் வந்திருந்தாள். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பானையைப் பார்த்தாள்.

"பான நல்லாருக்குளா. எங்கன வைக்கப் போற?"

"ஐம்பத்தெட்டு மதினி. அண்ணாச்சியே பாத்துக் குடுத்தாரு."

"ஐம்பத்தெட்டு எங்கன இருக்குன்னு உம் வீட்டுக்காரன்ட்ட கேளு."

நான் எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். உள்ளே பார்த்தேன். மூடத் தோன்றவில்லை. கம்பத்துக்கு இடப்பக்கம் மூன்றாவது ஐம்பத்தெட்டு என்று எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. என் கையால் போட்ட வரைபடத்தில் என் அக்காவை எடுத்துவிட்டு என் மனைவியை உட்காரவைத்திருக்கிறேன். இதை லேபர் கேம்பில் யாரிடம் எப்படி விளக்குவது? வேலையை விட்டுவிட்டு அந்தப் பனிக்கடல் பக்கமே போய்விடலாம் என்று தோன்றியது. கரடிகள் காரணம் கேட்காது.

மனைவி என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பானையை எடுத்து, வாங்கிவந்த பையிலேயே போட்டு, ஓரமாக வைத்தாள். "ஒம்பது வருசம் இருந்தாச்சு மதினி, இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டுப் போறேன். உங்க இடத்துலயா வந்து உக்காருவேன்."

"நீ என்னளா செய்வ. தப்புச் செஞ்சது அந்தா ஃப்ரிட்ஜுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்கான்."

"அக்கா, கம்ப்யூட்டர்ல ஏதோ..."

"கம்ப்யூட்டரு கிடக்கட்டும். இந்த லிஸ்ட்ட பாரு. என் கீழ்வீட்டுக்காரி இருக்கா. நான் இல்ல. பக்கத்துச் சந்துல கீழ்வீட்டுக்காரி இருக்கா, மேல்வீட்டுக்காரி இல்ல. எதுத்தாப்லயும் அப்பிடித்தான். மேல ஏறுனவ அனேகமா ஒருத்தியையும் காணோம். ஏன்னு சொல்லு பாப்போம்."

நான் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே ரூம் நம்பர்தானல. மேல இருக்கவளுக்கு ஏணிதான் நம்பர்."

இருபத்தைந்து வயதுவரை அந்தச் சந்துகளில் ஓர் இரும்பு ஏணியில் ஏறி இறங்கி வளர்ந்தவன் நான். கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே நம்பர். தபால்காரர் கீழே நின்று கத்துவார். எந்தக் கத்தல் எந்த மாடிக்கு என்று எங்களுக்குத் தெரியும். திலக் நகரில் 'பி விங், நாலாவது மாடி' என்று பதினைந்து வருடம் எழுதி எழுதி, ஏணி என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. நோட்டில் மேல்வீடு முதலில் வந்தால், பின்னால் வந்த கீழ்வீடு அதை அழித்திருக்கிறது. கீழ்வீடு முதலில் வந்த ஓரிரு இடங்களில் மேல்வீடு அதை அழித்திருக்கும். இருபத்தேழு பேர் போனது விராருக்கும் இல்லை, கல்யாணுக்கும் இல்லை. நான்தான் அனுப்பினேன்.

மூன்று பேரும் ரிக்‌ஷா பிடித்துத் தாராவிக்குப் போனோம். வழியெல்லாம் நான் மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். மொத்தம் நான்கு விதமாகத் தயாரித்தேன். கடையில் இறங்கியபோது நான்கும் மறந்துவிட்டது. அங்கே ஏற்கெனவே ஏழெட்டு மேல்வீட்டுக்காரிகள் நின்றார்கள். அண்ணாச்சி கல்லாவுக்குப் பின்னால் சின்னதாகிப் போயிருந்தார்.

"வந்துட்டாருய்யா மேப்பு. வே, என்னவே இது? முப்பது வருசத்துல இப்பிடி வாங்கிக் கட்டுனது கிடையாது."

"தப்பு என்னோடது அண்ணாச்சி. உங்களோடது இல்ல. பத்து நிமிசம் குடுங்க."

கூட்டத்துக்கு முன்னால் வேலை செய்வது ஒரு தனிக் கலை. எனக்கு அது தெரியாது. கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தேன். பிறகு நோட்டின் வரிசை எண்ணை அடையாளமாக வைத்து, பழையதை எதையும் தொடாமல், பட்டியலை மறுபடி கொட்டினேன். வரிசை எண் ஒருவருக்கு ஒன்றுதான். ஏணி ஏறினாலும் மாறாது. அழிந்துபோன இருபத்தேழு பேரும் திரும்பி வந்தார்கள். அவரவர் புள்ளியில் ஏற்கெனவே ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்ததால், இருபத்தேழு புள்ளிகளும் சிவப்பாயின.

"அதான் எங்க இடம்," என்றாள் அக்கா, ஐம்பத்தெட்டில் விரலை வைத்து. ஒவ்வொருத்தியும் திரையில் தன் சிவப்பைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"பழைய ஆளுக்குப் பழைய இடம். அதுல பேச்சே இல்ல," என்றார் அண்ணாச்சி. "ஆனா புதுசா குடுத்த இருபத்தேழு பேரும் பான வாங்கியிருப்பாவளே. அவுங்கள நான் எங்கன கொண்டு வைப்பேன்?"

பையிலிருந்த பானையை மனைவி கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. பதற்றத்தின் உச்சியில் சில சமயம் மூளை தானாக வேலை செய்யும், அதற்கு நான் பொறுப்பில்லை. புள்ளிகள் தரவுத்தளத்தில் இருக்கின்றன. தரவுத்தளத்திடம் இடத்தைப் பற்றிக் கேள்வி கேட்கலாம். காகிதத்திடம் கேட்க முடியாது. இரண்டு வரிசைக் கோட்டின்மேல், இருக்கிற எந்த அடுப்புக்கும் ஆறடிக்குள் வராமல், இன்னும் எத்தனை அடுப்பு வைக்கலாம் என்று எழுதி அனுப்பினேன்.

பதில் வர நான்கு நொடி ஆயிற்று. முப்பத்தொன்று. நீலப் புள்ளிகள். எல்லாம் வலது பக்கம், ஒரே கோடாக, ஓர் இடைவெளிகூட இல்லாமல்.

எல்லோரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள். எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. வலது வரிசை நின்று போகிற அந்த இடம். முதல் நீலப் புள்ளி அண்ணாச்சியின் கடை வாசலில் இருந்தது. அடுத்த கடை பொருளாளருடையது. அதற்கடுத்தது தலைவரின் பாத்திரக் கடை. கமிட்டிக்காரர்கள் கடை வாசலில் கரும்புக் கட்டும் மஞ்சள் குலையும் போட்டு விற்பார்கள் என்பதற்காக அங்கே அடுப்பு வைப்பதில்லை. அது எழுதாத சட்டம். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. தரவுத்தளத்துக்கு யார் கமிட்டி என்று நான் சொல்லி வைக்கவில்லை.

அண்ணாச்சி திரையைப் பார்த்தார். பிறகு தன் கடை வாசலை எட்டிப் பார்த்தார், அது இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று.

"இது காலி இடமாவே?"

"படம் அப்பிடித்தான் சொல்லுது அண்ணாச்சி," என்று அக்கா முந்திக்கொண்டாள். "கரும்பெல்லாம் போகியன்னைக்கே வித்துருமே. பொங்கலன்னைக்குக் காலையில யாரு வந்து கரும்பு வாங்குதா?"

"தலைவரு ஒத்துக்கிடணும்லா."

"நீங்க முதல்ல போடுங்க. உங்க கடைக்கு முன்னால அடுப்பு எரிஞ்சா அவரு எப்பிடி வேண்டாம்பாரு?"

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். மாட்டிக்கொண்டு என்னிடம், "அந்த நீலத்தத் தொட்டா பச்சையாவுமா?" என்றார்.

"ஆகும்."

"மவுச இங்கன தாரும்."

முதல் புள்ளியை, தன் கடை வாசலை, அவரே தொட்டார். காத்திருப்போர் பட்டியலில் மேலாக இருந்த பெயரை, அதாவது ஆளை, அவரே தேர்ந்தெடுத்தார். 'மேப்புக்காரர் சம்சாரம்' என்று இருந்தது. என் மனைவி இருநூற்றுப் பதினைந்தாம் அடுப்பானாள். அடுத்த கடை, அடுத்த கடை என்று இருபத்தேழு வரைக்கும் போனார். கடைசிப் புள்ளியைத் தொட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து, "மிச்சம் நாலு கிடக்கட்டும். இல்லன்னா அடுத்த வருசம் எங்கிட்ட பேச ஆளிருக்காது," என்றார். அதற்குள் கூட்டத்தில் யாரோ ஒருத்தி மேல்வீட்டுக்காரிகளுக்கெல்லாம் அண்ணாச்சி கணக்கில் டீ சொல்லியிருந்தாள். அவர் மறுக்கவில்லை.

திங்கட்கிழமை சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். நானும் டேப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். ஒரு கட்டம்கூட ஓரடி பிசகவில்லை. நாலு பேர் என்னை "மேப்பு சார்" என்று கூப்பிட்டார்கள். ஆபீஸில் இருபது வருடமாக யாரும் என்னை சார் என்றதில்லை.

பொங்கலன்று காலை அந்த வெள்ளைக் கான்கிரீட்டில் இருநூற்று நாற்பத்தொரு அடுப்பு எரிந்தது. என் மனைவி அண்ணாச்சி கடையின் முகப்புத் துணிக்குக் கீழே நிழலில் உட்கார்ந்திருந்தாள். எதிர்வரிசையில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த பரம்பரைக்காரிகளுக்குச் சுருக்குப் பையிலிருந்து முந்திரி எடுத்துக் கொடுத்து உபசரித்துக்கொண்டிருந்தாள். வெற்றியை இவ்வளவு அடக்கமாகக் கொண்டாட எனக்கு வராது.

நான் ஐம்பத்தெட்டுக்குப் போனேன். அக்கா மாமியாரின் பழைய பானையை ஏற்றியிருந்தாள். பக்கத்தில் அவளுடைய கீழ்வீட்டுக்காரி, தன் இடத்தை விட்டுவிட்டு, இவளுக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். பால் ஏறியது. அக்கா சட்டென்று எழுந்து நின்றாள். நுரை விளிம்புக்கு வந்து, ஒரு கணம் யோசித்து, வழிந்தது. இரண்டு பேரும் குலவை போட்டார்கள். "பொங்கலோ பொங்கல்" என்று நானும் கத்தினேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஏல, கிழக்க பொங்கிருக்கு, நல்ல சகுனம். பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"அத அந்த டேட்டாபேஸ்ல எழுது."

"அதுல அதுக்கு இடம் இல்லக்கா."

"இடம் இல்லாத எடத்துல இருபத்தேழு அடுப்பு போட்டவந்தான நீ. எழுது."

போனில் இணைத்து, பட்டியலில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன். தலைப்பு: திசை. ஐம்பத்தெட்டு, கிழக்கு. அதைப் பார்த்துவிட்டுக் கீழ்வீட்டுக்காரி தன்னுடையதையும் எழுதச் சொன்னாள். பிறகு அடுத்தவள். செய்தி வரிசையோடு ஓடிவிட்டது. நான் ஒவ்வோர் அடுப்பாக நின்று நின்று கேட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொருத்தியும் கை நீட்டிக் காட்டி, தட்டில் ஒரு கரண்டி வைத்துக் கொடுத்தாள். கடைசியாக அண்ணாச்சி கடை வாசலுக்கு வந்தபோது என் வயிறு வரைபடத்தின் எல்லையைத் தாண்டியிருந்தது. மனைவியின் பானையில் நுரை கடைப் படியைப் பார்த்து, நேர் மேற்கே வழிந்து காய்ந்திருந்தது.

"என்ன எழுதட்டும்?" என்றேன்.

அவள் அண்ணாச்சியைப் பார்த்தாள். அண்ணாச்சி நுரையைப் பார்த்தார், தன் கடைப் படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கிழக்குன்னு போடும்வே," என்றார்.

போட்டேன். இருநூற்று நாற்பத்தொரு அடுப்பு, அத்தனையும் கிழக்கு. இருபது வருடத் தொழிலில் இவ்வளவு சுத்தமான தரவை நான் பார்த்ததில்லை.